வடக்கு வேலி

கண்ணாடித் தடுப்பில் ஒரு துளை.
பணம் அதன் வழியே உள்ளே வரும்,
சாவி அதன் வழியே வெளியே போகும்.
வசவுக்குத் துளை தேவையில்லை.

டொலீடோ, ஜனவரி.
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
நகரம் இழுத்துவந்த கார்களுக்கு நான் காவல்.
மேசைக்கு அடியில், முழங்காலில் விரித்தபடி
எல்சாட் பயிற்சிப் புத்தகம்,
பழைய கடையில் நான்கு டாலர்.

ஏழு பேர் ஒரு வரிசையில் அமர வேண்டும்.
பல் மருத்துவர் தச்சருக்குப் பக்கத்தில் அமரமாட்டார்,
பாடகிக்கு ஓரத்து நாற்காலிதான் வேண்டும்.
மூன்று மாதம் அவர்களை உட்காரவைத்தேன்,
எழுப்பினேன், மாற்றி உட்காரவைத்தேன்.
பிறகுதான் தெரிந்தது
தேர்விலிருந்து அந்தப் பகுதியையே
எடுத்துவிட்டார்கள் என்று.
போகட்டும்.
தூக்கம் வராத பகல்களில் இன்னும்
ஏழு பேரும் வந்து நிற்கிறார்கள்,
எங்கே உட்கார என்று கேட்டு.

இப்போது மிச்சம் வாதங்கள்.
'பின்வருவனவற்றுள் எது உண்மையானால்
மேற்கண்ட வாதம் வலுவிழக்கும்?'
கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை.
நூற்று நாற்பத்தெட்டு எடுத்தேன்,
அப்புறம் நூற்று ஐம்பத்துமூன்று,
அப்புறம், ஏனென்று தெரியாமல், நூற்று ஐம்பத்தொன்று.

துளைக்கு அப்பால் ஷாஹீன்.
ரொட்டி வண்டி ஓட்டுபவர். புருவத்தில் பனி.
"பலகை இருந்தது, சரி.
பலகையின் முகம் முழுக்கப் பனி அப்பியிருந்தது.
படிக்க முடியாததை நான் எப்படி மீறினேன்?"

முடிவைப் பார்த்தேன், ஆதாரத்தைப் பார்த்தேன்,
சொல்லாமல் விட்ட அனுமானத்தைத் தேடினேன்.
ஓட்டை இல்லை.
நாலு டாலர் புத்தகம் முழுவதிலும்
இவ்வளவு கச்சிதமாக ஒருவரும் பேசவில்லை.

"இருநூற்று எண்பத்தைந்து டாலர்" என்றேன்.

முதல் அட்டை செல்லவில்லை. இரண்டாவதும்.
மூன்றாவது அவர் மனைவியுடையது,
அதைக் கொடுக்குமுன் கொஞ்சம் யோசித்தார்.
ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்:
பத்து நாளுக்குள் முறையீடு. இரண்டாம் மாடி.
பலகையைப் பனியோடு படம் எடுக்கவும்.
"பணம் வாங்குமுன் ஏன் சொல்லவில்லை?"
ஐந்து விடைகள் தோன்றின.
ஐந்தும் தவறு.

விண்ணப்பத்துக்கு இரண்டு பரிந்துரைகள் வந்துவிட்டன.
மாலைக் கல்லூரியின் தத்துவ ஆசிரியர்
ட்ரீனாவை ட்ரேசி என்று புகழ்ந்திருக்கிறார்.
மேலாளர் டுவெய்ன் எழுதியது ஒரே வரி:
இவள் ஒரு சாவியும் தொலைத்ததில்லை.

'ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?' இரண்டு பக்கம்.
சிறுவயது முதலே நீதியின் மேல் எனக்கு...
அழித்தேன்.
சிறுவயதில் எனக்கு ஒரு குதிரைதான் வேண்டியிருந்தது.

'எப்போதாவது கைதானதுண்டா?
வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் குறிப்பிடுக.'
உண்டு. பத்தொன்பது வயதில்.
இதே கொட்டடி, வடக்கு வேலி.
என் காரை நான் திருடினேன்.
நாளுக்கு இருபது டாலராக வாடகை ஏறி
காரின் விலையைத் தாண்டிவிட்டது,
அப்புறம் அது யாருடைய கார்?
அன்று அந்தப் போலீஸ்காரரிடம் நிஜமாகவே கேட்டேன்.
தலையில் இடிக்காமல் குனிந்து ஏறு என்றார்.

இரண்டு பக்கத்தையும் அதைக் கொண்டே நிரப்பினேன்.
கடைசி வரியில் பாடம் எதுவும் சொல்லவில்லை.
ஆறு மணிக்கு அனுப்பு பொத்தானை அழுத்தினேன்,
கட்டணம் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழு மணி. வீட்டுக்குப் போகும் வழி
ஷாஹீன் சொன்ன தெரு வழியே அல்ல.
போனேன்.
பலகை அங்கேதான் நின்றது,
வெள்ளையாக, ஒரு சொல்லும் சொல்லாமல்.
அதன் அடியில் ஒரு நீல நிற வேன்,
பின்சீட்டில் குழந்தை நாற்காலி.

துடைக்கப் போன கை பாதியில் நின்றது.
துடைத்தால் அவருக்குச் சாட்சி போய்விடும்.
துடைக்காவிட்டால் இன்றிரவு இந்த வேன்
என் துளைக்கு முன்னால் வந்து நிற்கும்.

போனை எடுத்தேன். தேதியோடு, மணியோடு,
தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் மூன்று.
பிறகு கையுறையால் துடைத்தேன்.
முதலில் படம், அப்புறம் கை.
இந்த வரிசையைத் தேர்விலிருந்து
யாரும் எடுத்துவிடவில்லை.

அவருடைய எண் ரசீதின் நகலில் இருக்கும்.
ரசீதின் நகல் கொட்டடியில் இருக்கும்.
வண்டியைத் திருப்பினேன்.