ஏழு நிமிடம்

கத்தோவித்சேயில் எனக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்.
வண்டி மாறுகிறவளுக்கு இந்த ஊர் என்பது
ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி, ஈரக் கோட்டுக்கு ஒரு கொக்கி.

நிலையத்துக்கு எதிரே தங்க விளக்கு உணவகம்.
சுரங்கத் தொழிலாளர் காலத்து உயரக் கூரை,
முட்டைக்கோஸ் ஆவியில் கண் மங்கிய ஜன்னல்கள்.
சுவர்க் கடிகாரம் மட்டும் ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
யாரும் வண்டியைத் தவறவிடக் கூடாதென்று
முதல் முதலாளி திருகி வைத்தாராம்.
புதியவர்கள் பதறி ஓடுவார்கள்.
பழகியவர்களுக்கோ அது முடிச்சில் கிடக்கும் சில்லறை.
நான் பதினொரு வருடம் பழகியவள்.

இடமில்லாததால் என் மேசைக்கு வந்தார் எர்வின்.
காலடியில் ஒரு பிரம்புக் கூடை.
கூடைக்குள் ஏதோ தொண்டையைச் செருமியது.
"பந்தயப் புறா. ஓப்போலே வரை கூட்டிப் போய்
அங்கே திறந்துவிடுவேன். எனக்குத்தான் டிக்கெட்.
திரும்பி வருவது அவள் பாடு."
வீடு நிகிஷோவியெத்ஸ், இங்கிருந்து டிராமில் போகலாம்.
நான் ஆஸ்பத்திரிகளில்
டயாலிசிஸ் கருவி பழுது பார்ப்பவள் என்றேன்.
"அங்கேயும் சுற்றிச் சுற்றி வீட்டுக்குத்தானே வருகிறது
ரத்தம்" என்றார்.
நாள் முழுக்க யோசித்தாலும் எனக்குத் தோன்றாது.

இருவரும் சொன்னது ஒன்றே:
மாட்டிறைச்சிச் சுருள், சிவப்புக் கோஸ்,
உருளைக்கிழங்கு உருண்டை.
அவர் முன்பணமே கொடுத்துவிட்டார்.
பன்னிரண்டு நாற்பத்து மூன்று.
கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார்,
தொப்பியை எடுத்தார், கதவு அடித்துக்கொண்டது.

நான் சொல்லியிருக்கலாம்.
வாயில் ரொட்டி இருந்தது என்பது பாதி உண்மை.
தெரிந்தவளாக உட்கார்ந்திருப்பதில்
ஒரு கதகதப்பு இருந்தது என்பது மீதி.

உர்சுலா இரண்டு தட்டோடு வந்து நின்றாள்.
மேசைக்கு அடியில் கூடை செருமியது.

"ஐயோ" என்றேன்.
"என்ன ஐயோ? கதவைத் திற.
அவருக்கு முன்னால் அது வீட்டில் இருக்கும்."

பின்வாசலில், காலி பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே
தாழ்ப்பாளை விலக்கினோம்.
என்னை ஒரு கண்ணால் பார்த்தது,
தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது.
கூரைக்கு மேலே ஒரே ஒரு வட்டம்.
பிறகு தென்கிழக்கு, கோடு கிழித்தாற்போல.
ஓப்போலேயை நோக்கி மேற்கே
ஒரு மனிதர் வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தார்.
உர்சுலா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
எனக்கும் நிற்கவில்லை.

என் தட்டு முடிந்தது. அவர் தட்டு ஆறியது.
வீணாக்குவானேன்.
கடிகாரம் ஒன்று பத்து. ஏழு கழித்தால் ஒன்று மூன்று.
என் வண்டி ஒன்று ஒன்பதுக்கு,
ஓட ஒன்றரை நிமிடம்.
இன்னும் மூன்று உருண்டை தாங்கும்.

"நீ போகவில்லையா?" என்றாள் உர்சுலா.
விரலால் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
"செவ்வாய்க்கிழமை வந்து சரிசெய்துவிட்டார்கள்.
யாரோ புகார் எழுதினார்களாம்,
எங்களால் பனியில் ஏழு நிமிடம் நின்றேன் என்று."

கல்லாவுக்குப் பின்னால் சார்ஜில் கிடந்த என் கைப்பேசி
ஒன்று பதினொன்று என்றது.

ரிப்னிக் ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன்.
நான்காம் எண் கருவி இன்னும் கூவுகிறதாம்.
"ரயில் தாமதம்" என்றேன்.
பாவம், அது நேரத்துக்குப் போயிருந்தது.

அடுத்தது இரண்டு இருபதுக்கு.
உட்கார்ந்தேன்.
இந்த ஊர் உருண்டைகளின் நடுவில் ஒரு குழி இருக்கும்,
குழம்பு நிற்பதற்காக யாரோ கட்டைவிரலால் அழுத்தியது.
அடுக்களையில் யார் விரலோ.
என் விரலை வைத்துப் பார்த்தேன்:
கொஞ்சம் பெரிய விரல்.
குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது.
எர்வினின் கடைசி உருண்டையை
இரண்டாக வெட்டாமல் அப்படியே தின்றேன்.