கணக்கில் வராத தண்ணீர்

காலாப்பட்டில் என் அறைச் சன்னல்
கிழக்கே பார்த்தது.
கடல் தெரியாது, கேட்கும்.
திரையில் நாற்பத்தெட்டு அணுக்கள்:
மேலும் கீழும் மாங்கனீசு அடுக்கு,
நடுவே ஒரு சோடியம்,
நெரிசல் பஸ்ஸில் இடம் தேடுகிற ஆள்போல
ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு.

இடையில் அவன் ஏற வேண்டிய மேடு
எவ்வளவு உயரம்?
இரண்டு பல்கலைக்கழகமும் ஒரு கல்லூரியும்
கையெழுத்திட்ட பதினேழு பக்க ஒப்பந்தத்தைப்
பிழிந்தால் சொட்டுவது
இந்த ஒரு கேள்விதான்.
மேடு தாழ்வாக இருந்தால் பேட்டரி மலிவு.
லித்தியம் எங்கோ மலைநாட்டில்;
சோடியமோ மரக்காணம் உப்பளத்தில்
வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது.

பெரிய கணினி லுப்லியானாவில்.
அங்கே பனி பெய்கிறது என்று
மொய்ட்சா ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வாள்,
நான் கேட்காமலே.
பொடி கடலூரில்.
தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில்
அம்புஜவல்லி அதை உலையில் வேகவைத்து எடுப்பாள்.
நான் இரண்டுக்கும் நடுவே
எண்களைச் சுமக்கிறவள்.

பிப்ரவரியில் சொன்னேன்:
பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு.
மார்ச்சில் அம்புஜம் கூப்பிட்டாள்:
"மேடம், உங்க மேட்டையே காணோம்.
சோடியம் பாட்டுக்கு ஓடுது."

பொடியில் ஏதோ கலந்துவிட்டது என்றாள் மொய்ட்சா.
கணக்கில் ஓட்டை என்று அம்புஜம் சொல்லவில்லை;
சொல்லாமல் இருந்த விதம் எனக்குப் புரிந்தது.
இருவருக்கும் தெரியாமல்
வலையை நெருக்கிப் பின்னி மறுபடி ஓட்டினேன்.
பதினோரு நாள்.
அதே எண்.
பிடிவாதமாக நிற்கும் எண்ணை
உண்மை என்று நம்பிவிடும் வியாதி
என் துறையில் எல்லோருக்கும் உண்டு.

சித்திரையில் கடலூர் போனேன்.
தென்பெண்ணைப் பாலத்தில் பஸ் நின்றபோதே
சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.
கல்லூரி கேன்டீனில் ஆம்லெட்டுக்கு உப்பு கேட்டேன்.
தட்டினேன், விழவில்லை.
மூடியைத் திறந்தால்
நாலு அரிசியோடு சேர்ந்து
உப்பு கட்டியாக உட்கார்ந்திருந்தது.

அம்புஜம் என் கையைப் பார்த்தாள்.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
ஆம்லெட் ஆறிப்போனது.

உலையிலிருந்து தராசு அறைக்கு
நாற்பது அடித் தாழ்வாரம்.
ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. கடல்காற்று.
அந்த நாற்பது அடியை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.
என் பெட்டியில் காற்று கிடையாது.
வெப்பநிலை பூஜ்யம் கெல்வின்; சித்திரை கிடையாது.
பெட்டியைத் தாண்டினால் அதே பெட்டி,
அதையும் தாண்டினால் அதே பெட்டி,
முடிவே இல்லாமல்.
எங்கேயும் கடலூர் கிடையாது.

எடை பார்க்க எழுந்தோம், கரண்ட் போனது.
யூபிஎஸ் ஐந்து நிமிடம் கத்திவிட்டு
அதுவும் படுத்தது.
நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில்,
பேட்டரி ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேர்,
செல்போன் வெளிச்சத்தில் சிரித்தோம்.

திரும்பி வந்து
ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன்.
ஐம்பத்தொன்று.
அடுக்குகள் மெல்ல விலகின,
உட்கார இடம் கேட்டவருக்காக
பெஞ்சில் நகர்கிறவர்கள்போல.
மேடு பாதிக்கும் கீழே போனது.

ஆனாலும் தீரவில்லை.
தண்ணீர் உள்ளே வந்தால்
வேறு பத்துக் காரியம் கெடும் என்கிறாள் மொய்ட்சா.
அவள் சொல்வதும் சரிதான்.
எவ்வளவு தண்ணீர்வரை நல்லது?
ஒன்றா, இரண்டா, நாலா?
என் வேலை வரிசையில்
இருநூற்றுப் பதினான்காவதாக நிற்கிறது.
கட்டுரையின் நன்றியுரையில்
பணம் கொடுத்தவர்கள் பெயர்தான் போடலாம்;
காற்றுக்கு இடமில்லை.

இந்த நேரம் அம்புஜம்
அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பாள்,
திறந்த குப்பியோடு,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி:
ஐந்து நிமிடம்,
பத்து,
இருபது.