டொலி தள்ளுபவள்

மாங்குளத்து வெல்டிங் கடையில் நேராக்கிய குழாய்,
ஸ்கேற்றிங் சில்லு,
ஒட்டுசுட்டான் கிறவல் ஒழுங்கையில்
பன்னிரண்டு அடித் தண்டவாளம்.

நிலம் ஒரு பக்கம் சாயும்.
பாலைக்கட்டை சீவி ஆப்பு வைத்து
ரசமட்டக் குமிழி நடுவுக்கு வருமட்டும்
குப்புறக் கிடந்தேன்.

"மெதுவா அக்கா, இன்னும் மெதுவா"
என்கிறான் துவாரகன். முதற்படம் அவனுக்கு.
முகமாலையில் கண்ணிவெடி தேடி
நாளுக்கு ஒன்றரை மீற்றர் என்ற கணக்கில்
ஏழு வருசம் சம்பளம் எடுத்தவளிடம்
மெதுவா என்கிறான்.

நாலாவது ரேக்குக்கு
இன்னும் மூன்றடி வேணுமாம், புல்லுக்குள்.
மாடு மேயிற காணிதானே, தூக்கு என்றார்கள்.
என் கை தூக்கவில்லை.
விரலால் புல்லை விலக்கி விலக்கிப் போனேன்.
ஒரு சோடாமூடி. ஒரு நத்தை ஓடு.
வெளிச்சம் போகுது என்று யாரோ கத்தத்தான்
தண்டவாளத்தை நீட்டினேன்.

தள்ளினேன்.
கிணற்றடிக்கு நடக்கிற பெண்ணின் பிடரியைக்
கமரா தொட்டும் தொடாமலும் பின்தொடர்ந்தது.
தண்ணி மாதிரி ஓடுது என்றான்
போக்கஸ் பார்க்கிற நிமலேஸ்.
எங்க பழகினீங்கள்?

நான் ஆப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினேழு.
வைத்தது பதினெட்டு.

எல்லாரும் வானில் ஏறிவிட்டார்கள். ஹோன் அடிக்கிறார்கள்.
அடிக்கட்டும்.
கணக்குச் சரிவராமல்
நான் ஒரு நிலத்தை விட்டு எழும்பினதில்லை.