வந்த காரணம்

எட்டு ராசியில்லை என்று பழைய முதலாளி
ஏழுக்கு அடுத்து ஒன்பது எழுதி வைத்திருந்தார்.
அதனால் எங்கள் லாட்ஜில் பத்தாம் நம்பர் உண்டு,
அறைகள் ஒன்பதுதான்.
குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று
துளசிங்கம் சாவிகளை எண்ணினார்,
இன்னொரு தரம் எண்ணினார்,
ஒன்று குறைகிறதே என்று என்னைப் பார்த்தார்.
அப்படித்தான் ஆரம்பித்தது.

தோட்டப்பாளையத்தில் ஒரு சந்து.
ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பதினோரு நிமிஷம்.
கீமோ முடிந்து திரும்பி நடந்தால் நாற்பது.
ராணிப்பேட்டைக் கம்பெனியில் பதினாறு வருஷம்
ஷூவுக்கு மேல்தோல் வெட்டியவர் இவர்;
யாரால் எவ்வளவு தூரம் முடியும் என்று
வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்.

காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வருவார்கள்,
விடியற்காலை மூன்றரைக்கு,
பிரஷர் குக்கர், போர்வை மூட்டை,
மடங்காமல் நெஞ்சோடு பிடித்த எக்ஸ்ரே உறை.
அவர்கள் பாஷையில் நான் முதலில் கற்றது கொரோம் ஜோல்,
வெந்நீர்.
அடுத்தது கொத்தோ, எவ்வளவு.
மூன்றாவது வார்த்தையை யாரும் சொல்லித் தரவில்லை,
ஐந்தாம் நம்பர் கதவுக்கு வெளியே
வாளியோடு நின்றபோது
நானாகவே தெரிந்துகொண்டேன்.

கடுகெண்ணெய் நெடி முதல் வாரம் தொண்டையைப் பிடித்தது.
இப்போது படி ஏறும்போதே சொல்வேன்,
இரண்டில் மீன், ஆறில் உருளைக்கிழங்கு.
ஆறாம் நம்பர் அம்மாளுக்கு
இலவம்பாடி கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்தேன்.
காம்பு முள் குத்தி அலறினாள்.
வட்ட வட்டமாய் அரிந்து பொரித்து
எனக்கும் இரண்டு வைத்தாள்,
முள் குத்திய விரலைக் காட்டிக்கொண்டே.

ரிஜிஸ்டரில்
பேர், ஊர், எத்தனை பேர், வந்த காரணம்.
சிகிச்சை, சிகிச்சை, மேற்படி, மேற்படி
என்று பக்கம் பக்கமாய் இறங்குகிறது.
கடைசிக் கட்டம் சென்ற தேதி.
சென்றவர் எத்தனை பேர் என்று
அச்சடித்தவன் கேட்கவில்லை. நல்லவன்.

இரண்டு பேராய் வந்த மூன்றாம் நம்பர்
ஒருவராய்க் காலி செய்தபோது
இவர் தேதியை மட்டும் எழுதினார்.
அட்வான்ஸை முழுசாய்த் திருப்பிக் கொடுத்தார்.
அன்று ராத்திரி நான் சண்டை போட்டேன்.
கரண்டு பில்லுக்குக் கடன் வாங்கினோம்.
கொடுத்தது சரி.
சண்டை போட்டதும் சரிதான்.

பூஜை மாசம் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.
ஒன்பது சாவியும் ஆணியில்.
மாடிப்படிக்கு அடியில் பினாயில் டின்களோடு
எட்டு மாதமாய்ப் படுத்தவர்கள்
பத்தாம் நம்பரைத் திறந்தோம்.
ஜன்னல் ஓரத்தில் கோட்டைச் சுவர்
ஒரு விரல் அகலம் தெரிந்தது.
தெரியாமல் போச்சே,
ஐம்பது ரூபாய் கூடக் கேட்டிருக்கலாம் என்றார்.

விளையாட்டாய் ரிஜிஸ்டரை எடுத்து வந்தார்.
துளசிங்கம், அமுதவல்லி. வாலாஜா. இரண்டு பேர்.
காரணத்தில் பேனா நின்றது.
பிழைக்க, என்று எழுதினார்.
மேலே இருந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு அதை அடித்துவிட்டு
மேற்படி என்று போட்டார்.

நான் கையை நீட்டி
அட்வான்ஸ் கேட்டேன்.