படத்தில் தெரியாத திருகு

ஆடி மழையில், நாற்றுப் பண்ணையின் நாலாம் படியில்,
வலது பாதம் சேற்றோடு நின்றுவிட்டது.
நான் மட்டும் திரும்பினேன்.
பட்டென்று ஒரு சத்தம்.
சுள்ளி ஒடிந்ததாக்கும் என்று
குனிந்து பார்த்தேன், விழுவதற்கு முன்.

வீக்கம் வடியவும் பணம் சேரவும்
ஐப்பசி ஆகிவிட்டது.
குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர்
பிளாஸ்டிக் முட்டியைத் திறந்து காட்டினார்:
அறுந்தது இனி ஒட்டாது.
தொடையின் பின்புறத்திலிருந்து இரண்டு நாரை உருவி
நாலாக மடித்து
எலும்பில் துளையிட்டுப் புகுத்த வேண்டும்.

"ஒட்டுக் கட்டறதுதானே?" என்றேன்.
பதினெட்டு வருஷமாகக் காட்டுப் பேரியைப் பிளந்து
நல்ல பேரியைச் செருகுகிறவன் நான்.
அவர் சிரிக்கவில்லை.
"செருகறது சுலபம். கட்டறதுலதான் எல்லாம்."

பக்கத்துக் கட்டிலில் பெள்ளிராஜ்,
ஜெகதளா அணியின் கோல்கீப்பர்.
அவனுக்குப் பொத்தான்.
தொடையெலும்பைத் துளைத்து மறுபக்கம் போய்க்
குறுக்கே படுத்துக்கொள்ளும் துளி உலோகம்;
அதன் கயிற்றில் தொங்குகிறது அவன் நார்.
எனக்குத் திருகு.
துளைக்குள் நாரோடு நெருக்கியடித்து இறங்கி
சுவரோடு சுவராய் அதை அழுத்திப் பிடிப்பது,
பிறகு தானே கரைந்துபோவது.

வலி தூங்கவிடாத இரவில்
யாருடையது உசத்தி என்று சண்டை.
உன்னுடையது கொடிக்கயிறு என்றேன்,
ஈரத்துணி போட்டால் தொய்யும்,
நார் உள்ளே ஆடி ஆடித் துளையே அகலும்.
உன் திருகு மரை நாரையே அறுக்கும் என்றான் அவன்.
எங்கள் மலை ரயில் பல்லால் கடித்துத்தானே
கல்லாறிலிருந்து ஏறி வருகிறது என்றேன்.
"பல்லு வழுக்குனா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலையில் எக்ஸ்ரே வந்தது.
ஜன்னலில் பிடித்துப் பார்க்கலாமென்றால்
வெளியே மூடுபனி, படத்தைவிட வெள்ளையாய்.
அரை மணி காத்திருந்தோம்.
அவன் தொடையில் நொய்யரிசிபோல் மின்னியது பொத்தான்.
என் படத்தில் ஒன்றுமே இல்லை,
சாம்பல் நிறத்தில் காலியாய் ஒரு சுரங்கம்.
"உனக்கு வைக்க மறந்துட்டாங்க!"
அவன் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் சரிந்து விழுந்தது.
நானும் சிரித்தேன்.
அன்று ராத்திரி முழுக்க
முட்டியை விட்டுக் கை எடுக்கவில்லை.

கரையும் திருகு படத்தில் விழாதாம்.
"ரெண்டுல எது நல்லது டாக்டர்?"
"ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா
பெரிய வித்தியாசம் தெரியாது.
முதல் சில மாசம்தான் இதோட வேலை.
அப்புறம் எலும்பே நாரைப் பிடிச்சுக்கும்."
பிடிக்கலைன்னா என்று நான் கேட்கவில்லை.
பண்ணையில் வருஷத்துக்கு நூறு கன்றாவது
கட்டு குறையில்லாமல் இருந்தும் கருகும்.
வெள்ளைச் சீட்டு மாட்டி ஓரம் வைப்பேன்.
ஏன் என்று எந்த அதிகாரி கேட்டாலும்
பனி சார் என்பேன்.

தையில் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டியபடி
முந்நூறு ஒட்டுக் கட்டினேன்.
ஷாஜிதா சொன்ன கணக்கில்
படி இறங்கப் பழகினேன்: நாலாவதில் மட்டும்
கைப்பிடி இல்லாத இடத்தில் கை தேடும்.

மாசம் ஒருமுறை பெள்ளிராஜ் போன்:
"கரைஞ்சுதா?"
"தெரியலை. உன் பொத்தான்?"
"எங்க போகும்? என்கூடக் குழிக்கு வரும்."

பங்குனி.
டேப்பை அறுத்துவிடும் நேரம்,
தாமதித்தால் கட்டே கழுத்தை நெரிக்கும்.
இடது முட்டியை மட்டும் மண்ணில் ஊன்றி
பிளேடால் ஒவ்வொன்றாய்க் கீறுகிறேன்.
அறுத்த பின்னும் கொஞ்ச நேரம்
தண்டை விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
முன்பெல்லாம் அப்படிச் செய்ததில்லை.