உதடசைவு பதிவில் ஏறாது

டுலூத் நீதிமன்றத்தில்
பதினெட்டு வருடமாக நான் சுருக்கெழுத்து.
என் எந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
விசும்பலுக்கு ஒன்றும் இல்லை.
யாராவது தலையாட்டினால் நீதிபதி சொல்வார்:
"வாய்விட்டுச் சொல்லுங்கள்,
தலையசைப்பு பதிவில் ஏறாது."

பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரி துறைமுகச் சுவர்வரை
உறைந்து கிடந்தது.
காலணியில் சாலை உப்பின் வெள்ளைக் கறையோடு
மார்லிஸ் ஹௌகன் கூண்டேறினாள்.
கையில் நாலாக மடித்த தாள், நோட்டரி முத்திரையோடு.
"அன்றிரவு சொன்னது நிஜமில்லை.
வாசற்படியில் பனி. சறுக்கி விழுந்தேன்.
கோபத்தில் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன்.
புகாரை வாபஸ் வாங்குகிறேன்."

வாபஸ்.
அளவு சேராத சட்டையை
ரசீதோடு கடையில் நீட்டுவதுபோல் நீட்டினாள்.

அரசு வழக்கறிஞர் பிரெண்டா வுக்கோவிச்
கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.
மின்னசோட்டா மாநிலம் எதிர் கர்ட் ஹௌகன்.
"இதில் உங்கள் பெயர் எங்கே?"
தேடினாள். உண்மையாகவே தேடினாள்,
விரலை வைத்து, வரி வரியாக.

அடி அவளுடையது.
வழக்கு மாநிலத்தினுடையது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
கழற்றினால் நீளமாகப் பேசுவார்,
நான் மணிக்கட்டைத் தளர்த்திக்கொண்டேன்.
"அன்று சொன்னது பொய் என்றால் அது பொய்ப்புகார்.
இன்று சொல்வது பொய் என்றால் பொய்ச்சாட்சியம்.
இரண்டுக்கும் சிறை உண்டு.
இனி ஒரு வார்த்தை பேசுமுன்
உங்களுக்கும் ஒரு வக்கீல் வேண்டும்."

உங்களுக்கும்.
அந்த 'உம்' வந்த இடத்தில்
என் விரல் ஒரு கணம் பிந்தியது.

இருபது நிமிட இடைவேளை.
தாழ்வாரத்தில், காசை விழுங்கும் காபி எந்திரத்தின் பக்கத்தில்
அவளுக்கென்று அனுப்பப்பட்ட பையன், ரௌட்டியோ,
சட்டக் கல்லூரி வாசனை போகாத கோட்டு.
நான் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.
காதை எங்கே கழற்றி வைப்பது?

"தாதுக் கப்பல்துறையில் அவர் வேலை போனால்
யூனியன் காப்பீடு போகும்.
என் மகனுக்கு இன்சுலின்
யார் தருவார்?
நீங்களா? அந்த அம்மாவா? மாநிலமா?"

"தெரியாது" என்றான் பையன்.

அந்த வாரம் முழுக்க நான் கேட்ட
ஒரே நேர்மையான பதில்.
பதிவுக்கு வெளியே.

திரும்பி வந்து, அவன் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்:
"வக்கீலின் ஆலோசனைப்படி
பதில் சொல்ல மறுக்கிறேன்."
ஏழு கேள்வி. ஏழு தடவையும் அதே.
ஐந்தாவது தடவை 'ஆலோசனை' குழறியது,
குழறியதைத் திருத்தி அடித்தேன்.

பிறழ்சாட்சி என்றார் வுக்கோவிச்.
அக்டோபரில் பிறழ்ந்தது தோள்மூட்டு.
இன்று நாக்கு.

பிறகு அவசர அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
இரவு இரண்டு பதினாலு. மூன்று நிமிடம் நாற்பது வினாடி.
உயிர் பதறிக் கூவிய குரலை
கூவியவளே மறுத்தாலும் கேட்கலாம் என்கிறது சட்டம்.

நாய் குரைத்தது. அடிக்கவில்லை.
மைக்ரோவேவ் மணி ஒலித்தது. அடிக்கவில்லை.
பெண் குரல்: அவன் மறுபடி உள்ளே வருகிறான். அடித்தேன்.
பெண் குரல்: தெளிவில்லை. அடித்தேன்.

எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்,
பேசுவது அதுதான் என்பதுபோல.
கூண்டுக்கு நேர் எதிரே என் நாற்காலி.
நான் மட்டும் அவளைப் பார்த்தேன்.

மார்லிஸின் உதடுகள் அசைந்தன.
சத்தமில்லாமல், பதிவுக்கு ஒரு சொல் முந்தி.
நான் 'தெளிவில்லை' என்று அடித்த இடத்திலும்
அசைந்தன.

அங்கே என்ன சொல் என்று எனக்குத் தெரியும்.

கர்ட் ஹௌகனுக்குத் தண்டனை கிடைத்தது.
அவள்மேல் வழக்குப் போடுவதா என்பதை
மாநிலம் பரிசீலித்துவருவதாகக் கடிதம் போயிற்று;
முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை.
மார்ச்சில் பனியுடைப்புக் கப்பல் வந்தது,
முதல் தாதுக் கப்பல் பின்னாலேயே போனது.

இருநூற்றுப் பதினோரு பக்கம்.
கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாசகம்:
மேற்கண்டது உண்மையான, முழுமையான பதிவு
எனச் சத்தியமாக உறுதி கூறுகிறேன்.

கையெழுத்துப் போட்டேன்.