பட்டன் இல்லை

பதினோரு மாதம்
ஒரு விசில் எங்களோடு தூங்கியது.
ஷமீமா மூச்சை விடும்போது மட்டும்,
இடப்பக்கம் மட்டும்.

வீசிங் என்றார்கள்.
நீலக் குழலை வாயில் வைத்துப் பத்து எண்ணச் சொன்னார்கள்.
புயல் மழையில் நிமோனியா,
அக்னி வெயிலில் மறுபடியும் நிமோனியா,
அதே இடம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரம்மாதான்
ஃபேனை நிறுத்தச் சொல்லி
வலம் இடம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு
என்னைப் பார்த்தார்.
"என்ன தொழில் செய்றீங்க?"

டெய்லர்.
கடையில் பிள்ளை விளையாடுவாளா?
பட்டன் டப்பாதான் அவள் பொம்மை.

பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதாம்.
அன்றிரவு டப்பாக்களைக் கொட்டி எண்ணினேன்.
எத்தனை இருந்தது என்று தெரியாமல்
எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிற முட்டாள்.
ஹசீனா சோறு வைத்தாள். பேசவில்லை.

புதுச்சேரி பஸ். பெண்ணையாற்றுப் பாலம்,
முள்ளோடையில் சாராயக் கடை விளக்குகள்,
மடியில் விசில்.

தியேட்டர் கதவைத் திறந்து
மாஸ்க்கை இறக்கி டாக்டர் சொன்னார்:
"பட்டன் இல்லை."
ஒரு நொடி,
அல்லாவே, அந்த ஒரு நொடி
நான் சந்தோஷப்பட்டேன்.
அடுத்த சொல்: கட்டி.

படத்தில் பார்த்தேன். செர்ரிப் பழம் மாதிரி
வழவழவென்று, குழாயை அடைத்துக்கொண்டு.
என் சர்வீஸில் இது இரண்டாவது, என்றார்.
பெயர் நீளம்; எழுதி வாங்கி
அளவுச் சீட்டுகளோடு மடித்து வைத்திருக்கிறேன்.
சாது வகையாம். மருந்து ஏற்ற வேண்டாம்,
வெட்டினால் போதுமாம்.

"நுரையீரலையே எடுத்துடுவீங்களா?"

பேனாவால் என் சட்டைக் கையைத் தொட்டார்.
"இங்க மட்டும் வளையமா வெட்டிட்டு
மேலயும் கீழயும் சேர்த்துத் தைச்சிடுவோம்."

இருபது வருஷமாகக் கை தைக்கிறேன்.
இரண்டு வாயும் ஒரே சுற்றளவு இருக்காது சார்,
சுருக்கம் விழாம தளர்த்திக் கொடுக்கணும்.
அவர் சிரிக்கவில்லை. "ஆமா. அதுதான் கஷ்டம்."
என்ன நூல் சார்?
ஊதா. மெள்ளக் கரைஞ்சிடும்.

கரைகிற நூலில் நான் எதையும் தைத்ததில்லை.

ஐந்தரை மணி நேரம்.
கேன்டீன் டீயில் ஆடை படிந்தது.

மூன்று மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கணும்,
அப்புறம் வருஷா வருஷம்.
சரி என்று ஒன்பதாம் நாள் கடலூர் வந்தோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டியது.
வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.
பதறி அவள் மூக்கருகே விரலை நீட்டினால்
இருட்டில் அங்கே ஏற்கெனவே ஒரு விரல்.

ஹசீனாவுடையது.